பாட்டை எழுதியவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அயர்லாந்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

1990-ல் ஒரு முகம் உலகத் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப வந்தது. ஒட்ட மழித்த தலை, கேமராவை நேராகப் பார்க்கும் கண்கள், கன்னத்தில் வழியும் கண்ணீர். டப்ளின்காரரான ஷினேட் ஓ'கானர் பாடிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. இன்றும் அதை ஷினேட் பாட்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வரியும் மெட்டும் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸுடையவை. அவருடைய ஏற்பாட்டில் 'தி ஃபேமிலி' என்ற குழு 1985-லேயே அதைப் பாடி வெளியிட்டிருந்தது. 2022-ல் ஷினேட் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தபோது, அந்தப் பாட்டைப் படத்தில் சேர்க்க பிரின்ஸின் சொத்தை நிர்வகிப்பவர்கள் அனுமதி தரவில்லை. ஷினேடின் வாழ்க்கைக் கதையில் அவருடைய மிகப் பெரிய பாட்டு ஒலிக்காமலே போயிற்று.

கேட்கிறவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். பாட்டுக்கு யார் சொந்தம் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் "பாடினவருக்குத்தானே" என்கிறார் ஒருவர், "காசு போட்ட கம்பெனிக்கு" என்கிறார் இன்னொருவர், "மெட்டுப் போட்டவருக்கு" என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. வெவ்வேறு சொத்துகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரியாமல் பேசுவதால்தான் சண்டை முடிவதே இல்லை. இதைப் புரிந்துகொள்ள அயர்லாந்து மிக நல்ல இடம். ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில் யாழை முதுகில் சுமந்து ஊர் ஊராகப் போனவர்கள் இருந்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஆயிரக்கணக்கான மெட்டுகள் இருக்கின்றன. உலகமெங்கும் பாடப்படும் பாட்டுகளை எழுதியும் தெருவில் அடையாளம் தெரியாமல் நடப்பவர்களும் இருக்கிறார்கள்.

தோப்பும் செக்கும்

ஒருவரிடம் தென்னந்தோப்பு இருக்கிறது. செக்கு வைத்திருப்பவர் அந்தத் தோப்புக் காயை வாங்கி, உலர்த்தி, ஆட்டி, புட்டியில் அடைத்துத் தன் பெயரை ஒட்டி விற்கிறார். எண்ணெய் அவருடையது. தோப்பு அவருடையது ஆகிவிடாது. நாளைக்கு வேறொரு செக்குக்காரர் அதே தோப்புக் காயை வாங்கி ஆட்டலாம், அந்த எண்ணெய் இன்னும் நன்றாகவே விற்கலாம். எந்தச் செக்கில் ஆட்டினாலும் காய்க்கான பணம் தோப்புக்காரருக்குப் போய்ச் சேர வேண்டும்.

மெட்டும் வரிகளும் சேர்ந்ததுதான் தோப்பு. இதை இசைப்படைப்பு என்று சொல்வோம். எழுதியவர், மெட்டமைத்தவர் பெயரில் இருக்கும் சொத்து அது. ஒரு பாடகர் ஸ்டூடியோவில் பாடி, வாத்தியங்கள் சேர்ந்து உருவான குறிப்பிட்ட ஒலிதான் ஒலிப்பதிவு. அது பெரும்பாலும் பணம் போட்ட நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பாடகருக்கு ஒப்பந்தப்படி பங்கு உண்டு. இந்த இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் ஒவ்வொரு முறையும் உரியவருக்குச் சேர வேண்டிய தொகைதான் ராயல்டி. படைத்தவரைக் கேட்காமல் பிறர் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் தரும் பாதுகாப்பு பதிப்புரிமை. அயர்லாந்தில் இசைப்படைப்புக்கு அது எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்து 70 ஆண்டுகள் வரையும் நீடிக்கும்.

இப்போது ஷினேட் விஷயத்துக்கு வருவோம். ஒருமுறை வெளிவந்துவிட்ட பாட்டை வேறொருவர் பாடிப் பதிவு செய்ய அமெரிக்கச் சட்டப்படி எழுதியவரின் அனுமதி தேவையில்லை. விதித்த தொகையைச் செலுத்தினால் போதும். ஆனால் படத்தில் காட்சியோடு சேர்ப்பதற்குத் தனி அனுமதி கட்டாயம் வேண்டும். அங்கேதான் ஆவணப்படம் முட்டி நின்றது. இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் வழக்கமான ஏ.எம்., எஃப்.எம். வானொலிகள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் இசைப்படைப்புக்கு மட்டுமே ராயல்டி தர வேண்டும், ஒலிப்பதிவுக்குத் தர வேண்டியதில்லை. ஷினேடின் குரல் அந்த வானொலிகளில் ஒலித்த ஒவ்வொரு முறையும் பிரின்ஸுக்குப் பணம் சேர்ந்தது, பாடியவருக்கு எதுவும் இல்லை. ஐரோப்பாவில் பாடகருக்கும் பங்கு உண்டு. அமெரிக்க முறையை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

இதுவரை பார்த்தது: ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள். படைப்பு எழுதியவருக்கு, பதிவு பதிந்தவருக்கு. புகழ் பெரும்பாலும் குரலுக்குப் போகிறது, படைப்பின் வருமானம் வெளியே தெரியாத ஒருவருக்குப் போகலாம்.

ராயல்டி இல்லாத காலம்

டர்லக் ஓ'கரோலன் 1670-ல் பிறந்தவர். பதினெட்டு வயதில் அம்மை போட்டுக் கண்பார்வை போனது. அவர் குடும்பத்துக்கு வேலை கொடுத்திருந்த மக்டெர்மட் ரோ வீட்டு அம்மையார் மூன்று ஆண்டுகள் யாழ் கற்க ஏற்பாடு செய்து, ஒரு குதிரையும் வழித்துணைக்கு ஓர் ஆளும் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு அவருடைய வாழ்க்கை முழுக்கக் குதிரை மேல்தான். ஒரு பெரிய வீட்டுக்குப் போவார். சாப்பாடும் படுக்கையும் பரிசும் கிடைக்கும். பதிலுக்கு அந்த வீட்டுக்காரர் பெயரில் ஒரு மெட்டு அமைப்பார். இன்று கிடைக்கும் அவருடைய இருநூற்றுச் சொச்சம் மெட்டுகளில் ஏராளமானவை ஆட்களின் பெயரைத் தாங்கி நிற்பது அதனால்தான். நம் புலவர்கள் வள்ளல்களைத் தேடிப் போனது நினைவுக்கு வரும். மெட்டு பிறந்த அன்றைக்குக் கிடைத்ததுதான் கூலி. அதற்குப் பிறகு எத்தனை பேர் வாசித்தாலும் அவருக்கு எதுவும் வராது. 1738-ல் இறந்தார், அதே அம்மையார் வீட்டில்.

அடுத்த நூற்றாண்டில் அச்சகம் வள்ளலின் இடத்துக்கு வந்தது. டப்ளின் கவிஞர் தாமஸ் மூர் பழைய ஐரிஷ் மெட்டுகளுக்கு ஆங்கில வரிகள் எழுதி 1808 முதல் 1834 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார். பதிப்பித்த பவர் சகோதரர்கள் அவருக்கு ஆண்டுக்கு 500 பவுன் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது கௌரவமான வருமானம். மெட்டுகளில் பலவற்றை அவர் எடுத்தது எட்வர்ட் பன்டிங்கின் தொகுப்பிலிருந்து. 1792-ல் பெல்ஃபாஸ்டில் கூடிய கடைசித் தலைமுறை யாழ் கலைஞர்கள் வாசிக்க வாசிக்க உட்கார்ந்து எழுதியெடுத்தவர் பன்டிங். அப்போது அவருக்கு வயது 19. அவர் உழைப்பை வைத்து மூர் பெயர் வாங்கினார். வாசித்துக் காட்டிய முதியவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

பெர்சி ஃபிரெஞ்ச் கதை இன்னும் வலிக்கும். 1877-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி மாணவராக இருந்தபோது ஒரு வேடிக்கைப் பாட்டு எழுதினார். அது கடல் கடந்து பரவியது. உரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்ளத் தவறியதால் வேறு ஆட்கள் அதைத் தங்கள் பாட்டு என்றார்கள். எழுதியவருக்கு அதிலிருந்து கிடைத்தது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பொறியியல் படித்து கேவன் மாவட்டத்தில் வடிகால்களைப் பார்வையிடும் அரசு வேலை செய்தவர், பிற்பாடு முழுநேரமாக மேடை ஏறினார்.

ராயல்டி முறை வேரூன்றிய பிறகு வந்தவர் வட அயர்லாந்தின் ஓமா ஊரில் பிறந்த ஜிம்மி கென்னடி. மேடைப் பாடகராக இல்லாமலே பாட்டு வரிகளால் பெயர் எடுத்தவர். ஜான் பிராட்டன் என்ற அமெரிக்கர் 1907-ல் அமைத்த கரடிப் பொம்மை மெட்டுக்கு 1932-ல் இவர் வரி எழுதினார். மெட்டு ஒருவருடையது, வரி இன்னொருவருடையது, நடுவில் கால் நூற்றாண்டு. இன்றும் குழந்தைகள் பாடும் அந்தப் பாட்டு இருவரின் படைப்பு. படைப்பு என்ற சொத்துக்குள்ளேயே பங்காளிகள் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஒரே இரவு, இரண்டு பேர்

1994 ஏப்ரல் 30. டப்ளின் பாயிண்ட் அரங்கில் ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் போட்டி. அது பாட்டுப் போட்டி. பரிசு பாட்டை எழுதியவருக்கு. அன்று வென்ற ஐரிஷ் பாட்டை இரண்டு பேர் ஒரு பியானோ, ஒரு கிதாரோடு பாடினார்கள். எழுதியவர் பிரெண்டன் கிரஹாம். 1976-லும் 1985-லும் அயர்லாந்தின் போட்டிப் பாட்டு அவருடையதுதான். அப்போது வெற்றி கிட்டவில்லை. 1994-ல் வென்றார், 1996-ல் மறுபடியும் வென்றார்.

அவர் எழுதிய ஒரு நாவலைப் படித்த நார்வே இசையமைப்பாளர் ரோல்ஃப் லவ்லாண்ட், தன்னிடமிருந்த ஒரு மெட்டுக்கு வரி கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'யூ ரைஸ் மீ அப்'. 2003-ல் அமெரிக்காவின் ஜோஷ் குரோபன் பாடினார். 2005-ல் ஐரிஷ் இளைஞர் குழுவான வெஸ்ட்லைஃப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இன்று கல்யாணத்திலும் இரங்கல் கூட்டத்திலும் யார் யாரோ பாடுகிறார்கள். குரோபன் பதிவின் வருமானம் குரோபன் தரப்புக்கு, வெஸ்ட்லைஃப் பதிவின் வருமானம் அவர்கள் தரப்புக்கு. எந்தப் பதிவு ஒலித்தாலும் மெட்டுக்கான பங்கு லவ்லாண்டுக்கு, வரிக்கான பங்கு கிரஹாமுக்கு. நூறு செக்குகள் ஆட்டினாலும் தோப்பு ஒன்றுதான்.

அதே இரவு, ஓட்டு எண்ணும் இடைவேளையில் ஏழு நிமிடம் ஒரு நடனம். லிமரிக்கைச் சேர்ந்த பில் வீலனின் இசைக்கு மைக்கேல் ஃபிளாட்லியும் ஜீன் பட்லரும் ஆடினார்கள். போட்டியில் வென்ற பாட்டைவிட அந்த இடைவேளை நிகழ்ச்சிதான் சரித்திரமாயிற்று. 1995 பிப்ரவரியில் 'ரிவர்டான்ஸ்' முழுநீள மேடை நிகழ்ச்சியாக விரிந்தது. 1997-ல் அதன் இசைத்தட்டுக்கு கிராமி. ஜனங்கள் நினைவில் ஃபிளாட்லியின் கால்கள். ஆனால் அவர் 1995-லேயே விலகிவிட்டார். ஆடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள். வீலனின் இசை மட்டும் மாறவில்லை. அவர் திடீரென்று முளைத்தவரும் அல்ல. 1981-ல் டப்ளினில் நடந்த யூரோவிஷனின் இடைவேளைக்கும் டோனல் லன்னியோடு சேர்ந்து 'பிளான்க்ஸ்டி' குழுவுக்காக இசை அமைத்தவர்.

வசூலிப்பது யார்?

கால்வே நகரத்தில் ஒரு பப். காலையில் கடை திறந்ததும் ரேடியோ போடுகிறார்கள். ஒரு நாளில் இருநூறு பாட்டு ஓடலாம். இருநூறு எழுத்தாளர்களைத் தேடி உரிமையாளர் பணம் அனுப்ப முடியாது. அதற்காக எழுதுபவர்கள் கூடி ஓர் அமைப்பை வைத்துக்கொள்கிறார்கள். எல்லோர் சார்பிலும் உரிமம் கொடுத்து, பணம் வசூலித்து, பிரித்துக் கொடுக்கும் அமைப்புக்கு உரிமை வசூல் சங்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அயர்லாந்தில் அது இம்ரோ. 1988-ல் பிரிட்டிஷ் சங்கத்தின் கிளையாகத் தொடங்கி, 1995-ல் தனி அமைப்பானது. ஒலிப்பதிவுக்காரர்களுக்கு பி.பி.ஐ. என்ற வேறு அமைப்பு. முன்பெல்லாம் பப்காரர் இரண்டு இடத்தில் பணம் கட்ட வேண்டும். இப்போது ஒரே உரிமம் வாங்கினால் போதும், உள்ளே இரண்டு தரப்புக்கும் பிரிந்துவிடும்.

எந்தப் பாட்டுக்கு எவ்வளவு? வானொலி நிலையங்கள் ஒலிபரப்பிய பாட்டுகளின் பட்டியல் சங்கத்துக்கு வருகிறது. கச்சேரி செய்யும் உறுப்பினர்கள் அன்று பாடியவற்றின் பட்டியலைத் தாங்களே அனுப்ப வேண்டும். சின்ன ஊரில் நாற்பது பேர் முன்னால் தன் பாட்டைப் பாடிய ஒருவர் பட்டியல் அனுப்ப மறந்தால், அவருக்கு வர வேண்டியது வராது. பெயர் தெரியாத பாட்டெழுத்தாளரின் பிழைப்பு இந்தச் சலிப்பூட்டும் காகித வேலையில்தான் இருக்கிறது. பப்ளிஷர் என்றும் ஒருவர் இடையில் வருவார். ஆரம்பத்தில் ஸ்வரத்தாள் அச்சிட்டு விற்றவர்கள் இவர்கள். இன்று பாட்டுக்கு வாய்ப்புத் தேடி, அனுமதிகளைக் கவனித்து, வருமானத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம்.

சுருக்கமாக: கடைக்காரர் சங்கத்துக்குக் கட்டுகிறார், பட்டியலைப் பார்த்துச் சங்கம் பிரிக்கிறது, எழுதியவரும் பப்ளிஷரும் பங்கு வாங்குகிறார்கள்.

யாருக்கும் சொந்தமில்லாத மெட்டு

அயர்லாந்தில் இந்தக் கணக்கு சிக்கலாவது இங்கேதான். சாயங்காலம் அதே பப்பின் மூலையில் ஒரு பிடில், ஒரு புல்லாங்குழல், ஒரு அக்கார்டியன் கூடிவிடும். இதற்கு 'செஷன்' என்று பெயர். வாசிப்பதில் பெரும்பகுதி வழிவழியாக வந்த மெட்டுகள். எழுதியவர் யாரென்று தெரியாத, அல்லது உரிமைக் காலம் முடிந்துபோன மெட்டை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், யாருக்கும் பணம் தர வேண்டாம். இதை பொதுச் சொத்து என்பார்கள். அப்படியென்றால் செஷனுக்கு ஏன் பப் பணம் கட்ட வேண்டும் என்று 1990-களில் பெரிய தகராறு எழுந்தது. பாரம்பரிய இசைக்கான கோல்தஸ் அமைப்பும் இம்ரோவும் 1998-ல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம், ஏனென்றால் பாரம்பரியம் போல ஒலிக்கும் மெட்டுகளில் பலவற்றுக்கு உயிரோடிருந்த சொந்தக்காரர்கள் உண்டு. கேவனில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் பிளம்பராக வேலை பார்த்த எட் ரீவி நூற்றுக்கணக்கான மெட்டுகள் அமைத்தார். கால்வேயின் கிழக்கே விவசாயம் செய்த பேடி ஃபாஹி தன் மெட்டுகளுக்குப் பெயரே வைக்கவில்லை. வாசிப்பவர்கள் எல்லாவற்றையும் 'பேடி ஃபாஹி மெட்டு' என்றுதான் சொல்கிறார்கள். பட்டியலில் எப்படி எழுதுவது?

இதற்கு நேரெதிர் குழப்பமும் உண்டு. 2012 யூரோ கால்பந்தில் போலந்தின் க்டான்ஸ்க் நகரில் ஸ்பெயினிடம் 4-0 எனத் தோற்றுக்கொண்டிருந்தபோது ஐரிஷ் ரசிகர்கள் அரங்கம் அதிர 'த ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதன்ரை' பாடினார்கள். 1840-களின் பஞ்சத்தில் பசிக்காகத் தானியம் திருடி நாடு கடத்தப்படும் ஒருவனின் கதை. கேட்டால் பஞ்ச காலத்திலேயே பிறந்த நாட்டுப்பாடல் என்று சத்தியம் செய்யலாம். எழுதியவர் டப்ளினைச் சேர்ந்த பீட் செயின்ட் ஜான், எழுதியது 1970-களின் கடைசியில். பாடகர் பேடி ரைலியின் பதிவு ஐரிஷ் விற்பனைப் பட்டியலில் 72 வாரம் நின்றது. 2022 வரை உயிரோடிருந்த ஒரு மனிதரின் உழைப்பைப் "பழைய பாட்டுதானே" என்று எடுத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்!

நடுவில் இன்னொரு வகை. பொதுச் சொத்தான மெட்டை எடுத்து, புதிய வாத்திய அமைப்பும் புதிய இடையிசையும் சேர்த்தால், சேர்த்த பகுதிக்கு மட்டும் உரிமை கோரலாம். இதற்கு இசைக்கோப்பு உரிமை என்று பெயர். டப்ளினின் தின் லிஸ்ஸி குழு 1972-ல் 'விஸ்கி இன் த ஜார்' என்ற வழிப்பறிக்காரன் பாட்டை மின்கிதாரில் பதிவு செய்தது. எரிக் பெல்லின் அந்தக் கிதார் வரிசைதான் புதியது. 1998-ல் அமெரிக்காவின் மெட்டாலிகா குழு எடுத்தாண்டதும் அந்த வடிவத்தைத்தான். இசைத்தட்டில் 'பாரம்பரியம்' என்றும் இசைக்கோப்பில் தின் லிஸ்ஸி மூவரின் பெயரும் இருக்கும்.

'டானி பாய்' பாட்டில் எல்லாமே கலந்து கிடக்கிறது. வடக்கே லிமவாடியில் ஜேன் ராஸ் என்ற பெண்மணி ஒரு பிடில்காரர் வாசித்த மெட்டை எழுதிக்கொண்டார். அது 1855-ல் அச்சில் வந்தது. வாசித்தவர் பெயரை அவர் குறிக்கவில்லை. வரி எழுதியவர் ஃபிரெட் வெதர்லி என்ற ஆங்கில வழக்கறிஞர். இந்த மெட்டோடு 1913-ல் வெளியிட்டார். வெதர்லி 1929-ல் இறந்ததால் இன்று வரிகளும் பொதுச் சொத்தாகிவிட்டன.

முனகலுக்கும் விலை உண்டு

டோனெகல் மாவட்டத்துப் பாடகி எனியா தனியாக வேலை செய்தவர் அல்ல. மெட்டும் குரலும் அவர், வரிகள் ரோமா ரயன், ஸ்டூடியோ வேலை ரோமாவின் கணவர் நிக்கி ரயன். பி.பி.சி. தொடர் ஒன்றுக்காக அவர்கள் செய்து 1987-ல் வெளிவந்த 'போடிசியா'வில் சொற்களே கிடையாது, வெறும் முனகல். 1996-ல் அமெரிக்காவின் ஃபியூஜீஸ் குழு அந்த முனகலை அனுமதி கேட்காமல் வெட்டித் தன் பாட்டுக்கு அடியில் வைத்தது. ஒரு பதிவின் துண்டை எடுத்து இன்னொரு பதிவில் ஒட்டுவது சாம்பிளிங். இதில் படைப்பு, பதிவு என்ற இரண்டு சொத்துகளிலும் ஒரே நேரத்தில் கை வைக்கிறார்கள். இரண்டு அனுமதிகளும் வேண்டும். விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாயிற்று. 2004-ல் மரியோ வினன்ஸ் அதே முனகலில் பாடியபோது எனியாவின் பெயர் பாட்டின் முகப்பிலேயே இருந்தது. 2022-ல் அது இன்னொரு பாட்டில் திரும்ப வந்தது. நல்ல படைப்பு எப்போது எங்கே காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உலக வர்த்தக அமைப்பு வரை போன வழக்கு

அமெரிக்கா 1998-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: 3,750 சதுர அடிக்குக் குறைவான மதுக்கடை, உணவகங்கள் ரேடியோ, டி.வி. வழியாகப் பாட்டு ஒலிக்கச் செய்தால் ராயல்டி கட்ட வேண்டாம். அந்த நாட்டின் பெரும்பான்மையான கடைகள் இதற்குள் அடங்கிவிடும். அமெரிக்கா முழுக்க ஐரிஷ் பப்கள் இருக்கின்றன. இதற்கு முன்பிருந்தே இத்தகைய விலக்குகளை எதிர்த்து ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டிருந்தது இம்ரோ. ஐரோப்பிய ஒன்றியம் விஷயத்தை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோனது. 2000-ல் தீர்ப்பு: அந்தப் பெரிய விலக்கு சர்வதேச ஒப்பந்தத்துக்கு முரணானது. 2001-ல் ஐரோப்பிய எழுத்தாளர்களின் இழப்பு ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் யூரோ என்று கணக்கிட்டார்கள். அமெரிக்கா மூன்று ஆண்டுகளுக்கென்று 33 லட்சம் டாலர் கொடுத்தது. சட்டத்தை மட்டும் மாற்றவில்லை. வாழ்வாதாரக் கேள்வியில் ஒரு சின்ன நாட்டுச் சங்கம் அவ்வளவு தூரம் போராடியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ரேடியோவில் வராதவர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பாட்டுகளுக்கு. ஒரு நால்வர் குழுவுக்காக இருபது நிமிட இசை எழுதுகிறவருக்கு ராயல்டி வீட்டு வாடகைக்கும் காணாது. ஒரு விழாவோ இசைக்குழுவோ கேட்டுக்கொண்டபடி எழுதினால் கிடைக்கும் ஆணைத்தொகை, அத்துடன் சம்பள வேலை, இரண்டையும் சேர்த்துத்தான் அவர்கள் வாழ்கிறார்கள். 1959-ல் 'மிஷ ஏரா' என்ற ஆவணப்படத்தில் பழைய மெட்டுகளை முழு இசைக்குழுவுக்கு விரித்து நாட்டையே உலுக்கிய ஷான் ஓ ரியாடா வானொலியிலும் ஆபி நாடக அரங்கிலும் வேலை பார்த்தவர், 1963 முதல் கார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். நாற்பது வயதில், 1971-ல், இறந்துவிட்டார்.

அரசு இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. படைப்பு வருமானத்துக்கு 1969 முதல் வரிவிலக்கு உண்டு. இப்போது ஆண்டுக்கு 50,000 யூரோ வரை. 1981-ல் உருவான 'ஈஸ்டானா' அமைப்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட கலைஞர்களில் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. 2022-ல் ஒரு சோதனைத் திட்டம் வந்தது: 2,000 கலைஞர்களுக்கு, கலைத்தொழிலாளர்களுக்கு, வாரம் 325 யூரோ, மூன்று ஆண்டுகள். தகுதியுள்ளவர்களாக 8,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்ததால் குலுக்கல் போட்டுத்தான் ஆளை எடுத்தார்கள். இசையமைப்பாளரும் ஓவியரும் நடிகரும் ஒரே குலுக்கலில். கிடைத்தவர்களுக்கு இன்ன பாட்டு எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.